எந்தப் புதரடியில் யார் குனியலாம்?

மாணவத் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஜியோகேச்சிங் என்றொரு விளையாட்டு உலகம் முழுக்க நடக்கிறது. கையில் இருக்கும் செல்போனே போதும். நண்பர்களோடும் வீட்டாரோடும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போகலாம் என்கிறார்கள். பெருந்துறைப் பக்கத்தில் நாமும் இதைத் தொடங்கலாமா? அல்லது சமூக வேலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் வெட்டிப் பொழுதா?

நம் பதில்: தொடங்க வேண்டும். ஆனால் இந்த விளையாட்டில் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. கொங்கு மண்ணில் அந்த விதி நமக்கு எதிராக இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, அதை உடைப்பதற்காகவே தொடங்க வேண்டும்.

முதலில் விளையாட்டு என்னவென்று பார்ப்போம். செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில், காட்டோரமாக ஒரு பிளாஸ்டிக் வாளியில் சில பொருள்களை வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். 'கண்டுபிடித்தவர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும், நோட்டில் பெயர் எழுத வேண்டும்.' இவ்வளவுதான் ஏற்பாடு. இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன. பெட்டியைப் புதைக்கக் கூடாது, நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும், விளையாடாத மற்றவர் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்பவை விதிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் 2 மதிப்பெண் உண்டு. தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 1 முதல் 5 வரை. நிலம் எவ்வளவு கரடுமுரடு என்பதற்கு 1 முதல் 5 வரை. சக்கர நாற்காலியில் வருபவரும் போக முடிந்த இடம் என்றால்தான் நிலத்துக்கு 1. மலையேறக் கயிறோ ஆற்றைக் கடக்கப் படகோ வேண்டுமென்றால் 5.

நல்ல ஏற்பாடுதான். மாற்றுத்திறனாளியை மனத்தில் வைத்து நிலத்துக்கு மதிப்பெண் போடும் விளையாட்டை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு பெட்டி இருக்கும் இடத்தில் போய் நின்றால் 'நீ யார்?' என்று கேட்பார்களா, கேட்டபின் அடிப்பார்களா என்பதற்கு எந்த மதிப்பெண்ணும் கிடையாது. அமெரிக்காவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்த விதிப்புத்தகத்தில் அது இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் முடியாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

எழுதப்படாத விதி

இந்த விளையாட்டை ஆடுபவர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். தனக்குச் சம்பந்தமில்லாத ஊருக்குப் போகிறார். ஏரிக்கரையில் முன்னும் பின்னும் நடக்கிறார். செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒரு பாலத்துக்கு அடியில் குனிகிறார். புளியமரத்துப் பொந்தில் கையை விடுகிறார். யாராவது வந்தால் ஒன்றும் செய்யாதவர்போல் நிற்கிறார். காரணம் சொல்லாமல் ஒரு பொது இடத்தில் நிற்கும் உரிமை இல்லாதவரால் இந்த விளையாட்டில் முதல் அடியைக்கூட எடுத்துவைக்க முடியாது. அதுதான் எழுதப்படாத விதி.

நம் பக்கத்தில் அந்த உரிமை யாரிடம் இருக்கிறது? பெருந்துறையிலிருந்து சென்னிமலை, காங்கயம் பக்கம் போனால் இருபுறமும் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள். அதையடுத்துத் தோட்டங்கள். வண்டிப்பாதை, ஓடை, குளம், ஏரிக்கரை ஆகியவைதான் மிச்சமிருக்கும் பொது நிலம். அதில் புதுமுகம் ஒன்று நின்றால் வரும் முதல் கேள்வி, 'எந்தூருங்க தம்பி?' இது மரியாதையான கேள்விதான். இரண்டாவது கேள்வி, 'யாரூட்டுப் பையன்?' மூன்றாவது, 'ஊருக்குள்ளயா, காலனியா?' இந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் முதல் இரண்டும் கேட்கப்பட்டன என்பது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து 'ங்க' போய்விடும், 'டா' வந்துவிடும். ஆதிக்கச் சாதிப் பையன் புதரில் குனிந்தால் 'என்னவோ தொலைச்சுட்டான் போல' என்பார்கள். நம் பையன் குனிந்தால் மோட்டார் ஒயர் திருட வந்தவன், கோழி பிடிக்க வந்தவன், பொண்ணு பார்த்து வந்தவன்.

இது கொங்குக்கு மட்டுமான நோய் இல்லை. 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரான கிறிஸ்டியன் கூப்பர், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் நாயைக் கட்டிப் பிடிக்கும்படி சொன்னார். அது அந்தப் பூங்காவின் விதி. அந்தப் பெண் போலீசைக் கூப்பிட்டு, ஒரு கறுப்பின ஆண் தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். கூப்பர் கையில் இருந்த செல்போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதே நாளில்தான் மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் கொல்லப்பட்டார். அதற்கு 3 மாதம் முன்பு, பிப்ரவரி 23 அன்று, ஜார்ஜியா மாநிலத்தில் தெருவில் ஓடிக்கொண்டிருந்த அகமது ஆர்பெரியை வெள்ளையர்கள் வண்டியில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். கறுப்பின ஜியோகேச்சர்களும் தாங்கள் புதரடியில் குனியும்போது என்ன நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் முடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பூங்கா சம்பவம் நடந்த ஒரு வாரத்துக்குள் கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்து, 'நாங்களும் இங்கே இருக்கிறோம்' என்று ஒரு வாரத்தையே தங்களுக்கென்று அறிவித்துக் கொண்டாடினார்கள். ஒளிந்து போவதற்குப் பதிலாகக் கூட்டமாக, வெளிப்படையாகப் போனார்கள்.

நண்பர்களோடு போன ஒரு நாள்

நம் மண்ணில் 'நண்பர்களோடு வெளியே போவது' என்றால் என்ன என்பதற்கு நாம் மறக்கக்கூடாத பெயர் கோகுல்ராஜ். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று தன்னோடு படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போனார். பட்டப்பகல், பொது இடம். அங்கே நின்று பேசிக்கொண்டிருந்ததுதான் அவர் செய்தது. ஒரு கும்பல் வந்து சாதியைக் கேட்டது, கடத்திக்கொண்டு போனது. அடுத்த நாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடைத்தார். கும்பலின் தலைவர் தீரன் சின்னமலை பெயரில் பேரவை நடத்தியவர்.

அந்தத் தாய் விடவில்லை. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. அரசுத் தரப்பில் சிறப்பு வழக்கறிஞராக ப. பா. மோகன் வாதாடினார். 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்கு நேரில் போய், கேமராக்கள் எங்கே இருந்தன, எந்த வாசல் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று முதன்மைக் குற்றவாளியின் சாகும்வரை ஆயுள் தண்டனை உறுதியானது. சாட்சிகள் பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றது எதனால்? எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் நின்றார்கள் என்பதைக் காட்டிய கேமராப் பதிவு பெரிய தூணாக நின்றது. இடமும் நேரமும் பதிவாகியிருந்தன. இந்த விஷயத்துக்குக் கீழே மறுபடியும் வருவோம்.

இதற்கு அடுத்த வருடம், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பிய சங்கரை மனைவியின் கண்முன்னே வெட்டிக் கொன்றார்கள். கோயிலும் கடைவீதியும் பொது இடங்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பெற்றோர் நம் பிள்ளைகளிடம், 'ஃப்ரெண்ட்ஸோட எங்கயும் சுத்தாத' என்று சொல்வதன் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்குவதுதான் கொலைகாரர்களின் நோக்கமாகவும் இருந்தது. ஆணும் பெண்ணும் கலந்த நண்பர் கூட்டம் ஒரு மலையடிவாரத்தில் நிற்பதை எந்தச் சாதிச் சங்கமும் தாங்கிக்கொள்வதில்லை. நாம் வீட்டுக்குள் இருந்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

சுற்றுலாவும் உரிமைப் போராட்டமும்

'முதலில் நிலம், கல்வி, வேலை. அப்புறம் பார்க்கலாம் விளையாட்டை' என்று சில மூத்த தோழர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கு வரலாற்றிலிருந்து மூன்று விஷயங்களை நினைவுபடுத்துகிறோம்.

ஒன்று, 1924இல் வைக்கம். மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மார்ச் 30 அன்று தொடங்கிய போராட்டம் அது. ஈரோட்டிலிருந்து பெரியார் போனார், இரண்டு முறை சிறைப்பட்டார். ஒரு தெருவில் நடந்து போவதுதான் அந்தப் போராட்டத்தின் முதல் கோரிக்கை.

இரண்டு, அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்கும் எவரும் போகலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அரசு அதை ஆணையாகவும் வெளியிட்டது. நூறு வருடம் தாண்டிவிட்டது. ஒரு குளக்கரையில் சும்மா நிற்பதற்கான அனுமதிச் சீட்டு நம் கையில் நூறு வருடமாக இருக்கிறது, தோழர்களே.

மூன்று, 1934இல் அண்ணல் அம்பேத்கர் போன சுற்றுலா. ஆம், சுற்றுலாதான். ஒடுக்கப்பட்ட மக்களுக்காக உழைத்த தோழர்கள் சுமார் 30 பேர் அவரோடு எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணப் புழுதி படிந்த முகத்தையும் காலையும் வாசலில் இருந்த தொட்டியில் கழுவினார்கள். தொட்டியைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டு அவர்களைச் சூழ்ந்துகொண்டது. கடைசியில், எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒருவரைக் கூட அனுப்பித்தான் கோட்டைக்குள் விட்டார்கள். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அண்ணல் இதைப் பதிவு செய்திருக்கிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர், வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்தவர், நண்பர்களோடு ஒரு கோட்டையைப் பார்க்கப் போனால் அதுதான் நிலைமை. அப்படியிருந்தும் அவர்கள் கிளம்பினார்கள் என்பது நமக்கு முக்கியம். ஓய்வு நாளில் தோழர்களோடு ஊர் சுற்றுவதை அண்ணல் வெட்டி வேலை என்று நினைக்கவில்லை.

இன்றைய சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15(2) சாலைகளையும் குளங்களையும் பொதுமக்கள் கூடும் இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(1)(za) பிரிவு இன்னும் தெளிவானது. பொது வளங்களை, ஆற்றை, ஓடையை, குளத்தை, சாலையை, பாதையைப் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பதும் குற்றம். ஒரு விளையாட்டுக்குத் தேவையான எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நம் மண்ணில் ஒளிந்திருப்பவை

இனி, எதைத் தேடிப் போவது? பெருந்துறை வடக்கு 11 பாகை 16 நிமிடம், கிழக்கு 77 பாகை 35 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது. இந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு நாளில் போய்வரும் தூரத்தில் இருப்பவற்றைச் சொல்கிறோம்.

முதலில் ஓடாநிலையும் ஜெயராமபுரமும். இரண்டும் அறச்சலூர்ப் பக்கம். ஓடாநிலையில் தீரன் சின்னமலைக்கு மணிமண்டபம் இருக்கிறது, பாடப்புத்தகத்திலும் அவர் இருக்கிறார். அவருடைய படையில் இருந்த அருந்ததியர் வீரர் பொல்லான் பல காலம் எந்தப் பலகையிலும் இல்லை. செருப்புக்குள் சேதியை ஒளித்து அனுப்பி, ஆங்கிலேயரின் திட்டத்தைச் சின்னமலைக்கு முன்கூட்டியே தெரிவித்தார் என்று இந்தப் பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1805இல் ஆங்கிலேயர் அவரைக் கொன்றார்கள். மக்கள் பல ஆண்டுகள் கேட்ட பிறகே மொடக்குறிச்சி வட்டம் ஜெயராமபுரத்தில் அவருக்கு நினைவு அரங்கம் என்று அரசு முன்வந்தது. ஒரு பொருளுக்குள் சேதியை ஒளித்து, சரியான ஆள் கையில் மட்டும் கிடைக்கச் செய்யும் வேலையை இந்த மண்ணில் இருநூறு வருடத்துக்கு முன்பே செய்தவர் நம் ஆள். யாரும் தொடக் கூசும் செருப்பை எவனும் சோதிக்க மாட்டான் என்று சாதியின் புத்தியையே அதற்கு எதிராகத் திருப்பினார். சின்னமலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் பிள்ளையைக் கொன்றவர்களுக்கு, சின்னமலையின் உயிரைக் காத்த சேதி யார் தைத்த செருப்பில் வந்தது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

அடுத்து கொடுமணல். பெருந்துறை வட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்கள், பெருங்கற்காலக் கல்லறைகள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. சமைக்கும் பானையில் பெயர் கீறியிருக்கிறார்கள் என்றால் எழுத்து அரண்மனையைத் தாண்டிப் புழங்கியிருக்கிறது என்று பொருள். உழைப்பவன் கையில் எழுத்து இருந்த ஊர் இது. நடுவில் பல நூற்றாண்டு நம் கையிலிருந்து அந்த எழுத்தைப் பிடுங்கியது யார் என்ற கேள்வியை அந்தக் கரையில் நின்றுகொண்டு பிள்ளைகளிடம் பேசலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: அங்கே ஓட்டையோ மணியையோ பொறுக்கக் கூடாது, பெட்டியும் வைக்கக் கூடாது. தொல்லியல் இடத்தில் மண்ணைக் கிளறினால் நம் வரலாற்றை நாமே அழிக்கிறோம்.

அறச்சலூர் மலைக்குகையில் தாளக்கட்டு எழுத்துகளைத் தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறார்கள். வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் பயந்துவிடும் என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைக்குக் காட்டும் இந்தப் பரிவை ஊருக்கு வெளியே வைத்திருக்கும் மனிதருக்கும் காட்டலாமே என்று நாம் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஈரோட்டில் பெரியார் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது.

பெட்டி வைக்காத வகையும் இந்த விளையாட்டில் உண்டு. ஓர் இடத்துக்கு நேரில் போனால் மட்டுமே தெரியும் ஒரு விடையைக் கேள்வியாகக் கொடுத்துவிட்டால் போதும். சரணாலயத்துக்கும் தொல்லியல் இடத்துக்கும் நினைவிடத்துக்கும் இதுதான் பொருத்தம். சில இடங்களுக்கு விளையாட்டே வேண்டாம். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று சுற்றுச்சுவர் இடிந்து நம் மக்கள் 17 பேர் தூக்கத்திலேயே செத்த இடத்துக்கு மரியாதை செலுத்த மட்டும் போக வேண்டும்.

எப்படிப் போவது

தனியாகப் போகாதீர்கள். நான்கைந்து பேராக, பகலில், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாவையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாரம் ஆறு நாள் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் நிற்கும் பெண்களுக்கு ஒரு ஞாயிறாவது ஏரிக்காற்று கிடைக்கட்டும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பமாக வந்து கரையில் உட்கார்ந்திருப்பவர்களை, 'இங்க என்ன வேலை?' என்று விரட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.

போகும் முன் நிலம் யாருடையது என்று பாருங்கள். நில வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அ-பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டால் பட்டா நிலமா, புறம்போக்கா, வண்டிப்பாதையா, ஓடையா என்று தெரிந்துவிடும். பட்டா நிலத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். விளையாட்டின் விதியும் அதுதான். ஆனால் புறம்போக்குப் பாதையில் நிற்கும்போது, 'எங்க காட்டுக்குள்ள என்னடா?' என்று ஒருவர் கேட்டால், அது யாருடைய காடு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'எந்தூருங்க?' என்றால், 'பெருந்துறைங்க' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. வாக்குவாதம் வேண்டாம். பிரச்சினை என்று தெரிந்தால் விலகி வந்துவிடுங்கள், ஆனால் பதிவோடு வாருங்கள். மேலே சொன்ன இடமும் நேரமும் இங்கேதான் உதவும். ஜியோகேச்சிங் ஆடுபவருக்குத் தான் நிற்கும் புள்ளியை எண்ணாகக் குறித்துவைப்பது பழக்கம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வழக்குப் போடும் 3(1)(r), 3(1)(s) பிரிவுகளுக்கு, சம்பவம் 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' நடந்ததாகக் காட்ட வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்ததற்கு இது பொருந்தாது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு, இடம்தான் பல வழக்குகளில் சண்டையே. ஏரிக்கரையின் அட்சரேகை, தீர்க்கரேகையோடும் நேரத்தோடும் எழுதிக் கொடுத்த புகாரைச் சுலபத்தில் தள்ளிவிட முடியாது. வீடியோ எடுத்திருந்தால் எடுத்த செல்போனிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். முன்விசாரணை என்று சொல்லி முதல் தகவல் அறிக்கையைத் தள்ளிப்போட 18A பிரிவு இடம் கொடுக்கவில்லை. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணை எல்லாரும் செல்போனில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. இந்த விளையாட்டில் போகும் வழியில் குப்பை பொறுக்கும் நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. நாமும் செய்யலாம். ஆனால் கலப்பு நண்பர் கூட்டத்தில் குப்பைப் பை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மற்றவர்கள் குனிந்தால் சேவை, நாம் குனிந்தால் குலத்தொழில் என்று பார்க்கும் கண்கள் இந்த ஊரில் நிறைய. பை முறை வைத்துக் கைமாற வேண்டும். முதல் முறை மற்றவர்களுடையதாக இருக்கட்டும்.

ஆதிக்கச் சாதியில் பிறந்து நம்மோடு தோழமையாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. 'நாங்க எல்லாம் ஃப்ரெண்ட்ஸ், எங்களுக்குள்ள சாதி கிடையாது' என்று சொல்கிறீர்கள். மகிழ்ச்சி. கேள்வி கேட்க ஆள் வரும்போது முன்னால் வந்து நில்லுங்கள். 'என்னோட வந்திருக்காங்க' என்று சொல்லாதீர்கள், அது அனுமதி கொடுப்பதுபோல் ஆகிவிடும். 'இது பொதுப் பாதைங்க, யார் வேணா வரலாம்' என்று சொல்லுங்கள். பிரச்சினை வந்தால் சாட்சி சொல்ல வாருங்கள். நம் வழக்குகள் பெரும்பாலும் தோற்பது பிறழ் சாட்சிகளால்தான்.

ஆபத்தான ஆலோசனையா?

'பிள்ளைகளைப் புலி வாய்க்குள் அனுப்புகிறீர்களே' என்று பெற்றோர் கேட்கலாம். ஆபத்தே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். எந்த ஊருக்குப் போகலாம், எந்த ஊரில் இப்போது பதற்றம் இருக்கிறது என்பதை அந்தந்த ஊரில் இருக்கும் நம் மக்களிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதைத்தான் நமக்கான மூன்றாவது மதிப்பெண்ணாகப் போடச் சொல்கிறோம். தேடும் கடினம், நிலத்தின் கடினம் என்பவற்றோடு, இந்த இடத்தில் நம்மவர் நின்றால் என்ன நடக்கிறது என்பதையும் 1 முதல் 5 வரை எழுதி வைப்போம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், யார் என்ன கேட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்களா, டீக்கடையில் எந்த டம்ளரில் கொடுத்தார்கள் என்று நோட்டில் குறிப்போம். ஒரு வருடத்தில் பெருந்துறையைச் சுற்றிய பொதுவெளியின் உண்மையான வரைபடம் நம் கையில் இருக்கும். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் மேசையில் அதை வைக்கலாம். 5 போட்ட இடத்துக்கு அடுத்த முறை 50 பேராகப் போகலாம். கிராமசபையில் கேள்வியாக எழுப்பலாம்.

வீட்டில் இருந்தால் பாதுகாப்பு என்பதும் உண்மையில்லை. நடூரில் 17 பேரும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள்.

எனவே தோழர்களே, அடுத்த ஞாயிறு கிளம்புங்கள். பழைய டிபன் டப்பா ஒன்று, ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில் போதும். ஜெயராமபுரத்தில் தொடங்குங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு டப்பாவை வையுங்கள். உள்ளே பொல்லான் யார் என்று பத்து வரியில் எழுதிப் போடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் முழுப்பெயரை, தேதியை, நேரத்தை எழுதுங்கள். அடுத்து வருபவர் எந்தச் சாதியாக இருந்தாலும், அந்தப் பத்து வரியைப் படித்துவிட்டு உங்கள் பெயருக்குக் கீழேதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜெய் பீம்.